க்ளாஸ் டீச்சர்: அட்டெண்டன்ஸ் எடுப்பவரா, இன்னொரு அம்மாவா?

வகுப்பாசிரியர் என்றால் யார் என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்றுதான் வரும். "காலையில அட்டெண்டன்ஸ் எடுப்பாரே, ரேங்க் கார்டுல கையெழுத்துப் போடுவாரே, அவர்தானே?" என்பது ஒன்று. "அவங்க இன்னொரு அம்மா மாதிரி" என்பது மற்றது. முதல் பதில் அந்த வேலையைக் குமாஸ்தா வேலையாகச் சுருக்கிவிடுகிறது. இரண்டாவது அதை ஊதிப் பெரிதாக்கி, எந்த மனிதராலும் செய்ய முடியாத ஒன்றாக மாற்றிவிடுகிறது.

நானும் சில வருடங்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன்தான். முதல் வருடம் நானே முதல் பதிலைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். பாடம் நடத்துவதுதான் வேலை, பதிவேடு மேல்சுமை என்று நினைத்தேன். அது தலைகீழான புரிதல் என்று தெரிவதற்கு ஒரு முழு வருடம் ஆனது.

இங்கே பேசப்போவது நடுநிலை வகுப்புகளைப் பற்றி. அதாவது 11 வயதிலிருந்து 14 வயது வரையிலான பிள்ளைகள் படிக்கும் வகுப்புகள். நாட்டுக்கு நாடு இது 6 முதல் 8 வரையாகவோ 7 முதல் 9 வரையாகவோ இருக்கும். வகுப்பாசிரியர் மிக அதிகமாகத் தேவைப்படுவது இந்த வயதில்தான். ஏன் என்று பார்ப்போம்.

பால் பொங்கி வழியும் வீடு

அடுப்பில் பால் இருக்கிறது. வீட்டில் ஒரே ஒருவர் இருந்தால் அவர் ஒரு கண்ணை அதன் மேலேயே வைத்திருப்பார். அதே வீட்டில் ஆறு பேர் இருந்தால்? பால் பொங்கி வழிய வாய்ப்பு அதிகம். யாருக்கும் அக்கறை இல்லாமல் இல்லை. அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் நினைத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

தொடக்க வகுப்புகள் பல இடங்களில் ஒரே ஆள் இருக்கும் வீடு மாதிரி. காலை முதல் மாலை வரை ஒரே ஆசிரியர். எந்தப் பிள்ளை சாப்பிடவில்லை, எது அழுதுகொண்டு வந்தது, எல்லாம் அவருக்குத் தெரியும். நடுநிலை வகுப்புக்கு வந்ததும் கணக்குக்கு ஒருவர், அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் என்று ஆகிவிடுகிறது. இவர்களைப் பாட ஆசிரியர்கள் என்கிறோம்: ஒரு பாடத்தை மட்டும் பல வகுப்புகளுக்கு எடுப்பவர்கள். ஐந்து வகுப்புகள், வகுப்புக்கு 40 பேர் என்று வைத்துக்கொண்டால் ஒரு கணக்கு ஆசிரியரின் கண்முன் வாரத்தில் 200 முகங்கள் வந்துபோகும். ஒரு பிள்ளையின் முகம் சற்று வாடியிருப்பதை அவர் கவனிக்காமல் போனால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இதே சமயத்தில்தான் அந்தப் பிள்ளையின் உடம்பும் மனமும் தடதடவென மாறிக்கொண்டிருக்கின்றன. குரல் உடைகிறது, மாதவிடாய் தொடங்குகிறது, வீட்டுப் பேச்சைவிட நண்பர்கள் பேச்சு பெரிதாகிறது, தன்னை எல்லோரும் பார்த்துக்கொண்டே இருப்பதாக ஒரு கூச்சம் வருகிறது. தன்னை நன்றாகத் தெரிந்த ஒரு பெரியவர் பள்ளியில் வேண்டும் என்ற தேவை கூடுகிற அதே வருடத்தில், அப்படி ஒருவர் இல்லாமல் போகும்படி பள்ளியின் அமைப்பு மாறுகிறது. அமெரிக்காவில் 1989-ல் கார்னெகி என்ற அறக்கட்டளையின் குழு ஒன்று நடுநிலைப் பள்ளிகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கை இதைத்தான் முக்கியமாகச் சொன்னது. ஒவ்வொரு மாணவரையும் நன்றாக அறிந்த ஒரு பெரியவராவது பள்ளியில் இருக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

இதுவரை பார்த்தது: பல ஆசிரியர்கள் வந்ததும் பொறுப்பு சிதறுகிறது. சிதறிய பொறுப்பை ஒரு பெயரின் மேல் எழுதிவைப்பதுதான் வகுப்பாசிரியர் என்ற ஏற்பாடு.

ஒரே பெயர், வேறு வேறு வேலை

இந்த விஷயத்தில் குழப்பம் வர இன்னொரு காரணம் பெயர்கள். அமெரிக்கப் பள்ளிகளில் ஹோம்ரூம் என்பார்கள். மாணவர்கள் காலையில் முதலில் கூடும் அறை அது; பல பள்ளிகளில் வருகை எடுத்து அறிவிப்பு வாசிக்கும் சில நிமிடங்களோடு அது முடிந்துவிடும். ஜப்பானில் அதே ஹோம்ரூம் என்ற சொல்லுக்குக் கனம் அதிகம்: நடுநிலைப் பள்ளியில் வகுப்புச் செயல்பாடுகளுக்கென்றே தேசியப் பாடத்திட்டம் வருடத்துக்கு 35 பாடவேளைகள் ஒதுக்குகிறது. கணக்குப் பார்த்தால் வாரத்துக்கு ஒன்று. சீனாவில் இந்தப் பொறுப்புக்கு பான்ஜுரென் என்று பெயர். அங்கே அது கல்வி அமைச்சகமே விதிகள் வகுத்திருக்கும் ஒரு பதவி. பின்லாந்தில் வகுப்பாசிரியர் என்ற சொல் 1 முதல் 6 வரை கிட்டத்தட்ட எல்லாப் பாடமும் எடுப்பவரைக் குறிக்கும்; 7 முதல் 9 வரை வகுப்பைக் கவனித்துக்கொள்பவருக்கு வேறு பெயர்.

ஆகவே "அந்த நாட்டில் க்ளாஸ் டீச்சர் அப்படிச் செய்கிறாராமே" என்று யாராவது சொன்னால், எந்த வேலையைச் சொல்கிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

பதிவேட்டை வாசிப்பது

சரி, வேலைக்கு வருவோம். ஒரு சின்னக் காட்சி. எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை. கணக்கில் மதிப்பெண் குறைந்திருக்கிறது. கணக்கு ஆசிரியர் "கவனம் போதாது" என்று எழுதுகிறார். அறிவியல் வகுப்பில் தூங்கிவிழுகிறாள். அந்த ஆசிரியர் ஒரு அதட்டுப் போடுகிறார். விளையாட்டு வேளையில் ஓரமாக நிற்கிறாள். அங்கே யாரும் ஒன்றும் சொல்வதில்லை. மாதத்தில் இரண்டு திங்கட்கிழமை வரவில்லை. லீவ் லெட்டரில் தலைவலி என்று இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. நான்கையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள், அப்போது தெரியும். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாமல் இவள் இரவெல்லாம் விழித்திருக்கலாம். வகுப்பில் யாரோ இவளை ஒதுக்கிவைத்திருக்கலாம். இது நோயாகவே இருக்கலாம். எது என்று அந்தத் தாள் சொல்லாது. ஆனால் இவளிடம் உட்கார்ந்து பேச வேண்டும் என்று சொல்லிவிடும்.

அந்தத் தாளை எழுதக்கூடிய ஒரே ஆள் வகுப்பாசிரியர். அவர் வேலையின் மையம் இதுதான்: சிதறிக் கிடக்கும் சிறு தகவல்களை ஒரு பிள்ளையின் பெயரின் கீழ் சேர்ப்பது.

இதற்கு ஆய்வுப் பின்புலமும் உண்டு. அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரப் பள்ளிகளின் ஆறாம் வகுப்பு மாணவர்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்து ராபர்ட் பால்ஃபன்ஸ் குழுவினர் 2007-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 80 சதவீதத்துக்குக் குறைந்த வருகை, கணக்கில் தோல்வி, ஆங்கிலத்தில் தோல்வி, நடத்தையில் மோசமான குறிப்பு. ஆறாம் வகுப்பிலேயே இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பிள்ளை பள்ளிப்படிப்பை முடிக்காமல் போகும் ஆபத்து வெகுவாகக் கூடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். இப்படி முன்கூட்டியே தெரியும் அடையாளங்களுக்கு முன்னெச்சரிக்கைக் குறிகள் என்று பெயர். வருகை, நடத்தை, படிப்பு என்று மூன்று வகையாக அவற்றைப் பிரிப்பார்கள். பாட ஆசிரியருக்குப் பெரும்பாலும் மூன்றாவது மட்டும்தான் கண்ணில் படும். மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் இடத்தில் இருப்பவர் வகுப்பாசிரியர்.

வருகை விஷயத்தில் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன், பெற்றோருக்கும் உதவும். பள்ளி நாட்களில் 10 சதவீதம் வராமல் இருப்பதை நாள்பட்ட வருகையின்மை என்று அமெரிக்காவில் பரவலாக வரையறுக்கிறார்கள். 180 நாள் பள்ளி வருடத்தில் அது 18 நாள். மாதத்துக்கு இரண்டு நாள் லீவு போட்டாலே அங்கே போய்விடலாம். "ரெண்டு நாள்தானே" என்ற பேச்சு ஆபத்தாவது இங்கேதான். தொடர்ந்து பத்து நாள் வராத பிள்ளையை எல்லோரும் கவனிப்பார்கள். மாதம் இரண்டு நாள் நழுவும் பிள்ளையைக் கண்டுபிடிக்க ஒருவர் பதிவேட்டில் அன்றைய நாளை மட்டும் பார்க்காமல், ஒரு பெயருக்கு நேராக நெடுக வாசிக்க வேண்டும்.

கும்பலும் ஒரு மாணவர்தான்

இதுவரை தனிப் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். வகுப்பாசிரியரிடம் ஒப்படைக்கப்படுவது 40 பிள்ளைகள் மட்டும் இல்லை, அவர்கள் சேர்ந்து உண்டாக்கும் வகுப்பு என்ற 41-வது ஆளும்தான். அந்த ஆளுக்கென்று ஒரு குணம் இருக்கும். சில வகுப்புகள் தப்பாகப் பதில் சொன்னவரைப் பார்த்துச் சிரிக்கும், சில சிரிக்காது. பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான், வகுப்பின் வழக்கம்தான் வேறு.

இது எவ்வளவு கனமான விஷயம் என்பதற்கு நார்வேயைப் பார்க்கலாம். 1982-ல் அங்கே பதின்பருவத்தை ஒட்டிய மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமை அதற்குக் காரணமாக இருந்திருக்கும் என்று கருதப்பட்டது. அடுத்த வருடமே கல்வி அமைச்சகம் நாடு முழுக்க ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. அதையொட்டி உளவியலாளர் டான் ஓல்வேயுஸ் உருவாக்கிய திட்டம் பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. சக மாணவர் கொடுமை என்பதற்கு அவர் தந்த விளக்கத்தில் மூன்று அம்சங்கள்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்ப நடப்பது, இருவருக்கும் இடையே பலம் சமமில்லாமல் இருப்பது. சமமான இருவர் ஒரு நாள் சண்டை போட்டுக்கொள்வது இதில் சேராது. வகுப்பாசிரியருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். சண்டைக்கு இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துச் சமரசம் பேசலாம். கொடுமைக்கு அப்படிச் செய்தால், பாதிக்கப்பட்ட பிள்ளை தன்னை மிரட்டுபவன் முகத்துக்கு நேராக "பரவாயில்லை சார்" என்று சொல்லிவிட்டுப் போகும்.

ஓல்வேயுஸ் திட்டத்தில் வகுப்புக் கூட்டம் ஒரு முக்கியப் பகுதி. பாடம் இல்லாமல், வகுப்பில் என்ன நடக்கிறது என்று பிள்ளைகளே பேசுவதற்கு ஒதுக்கும் நேரம் அது. அதை வாரம்தோறும் நடத்த வேண்டும். ஒரு அசம்பாவிதம் நடந்த பிறகு மட்டும் கூட்டினால் அது விசாரணையாகிவிடும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இதுவரை: வகுப்பாசிரியர் இரண்டு மட்டத்தில் பார்க்கிறார். ஒவ்வொரு பிள்ளையையும் நெடுக வாசிக்கிறார், மொத்த வகுப்பின் வழக்கத்தையும் கவனிக்கிறார்.

எது அவர் வேலை இல்லை

'இன்னொரு அம்மா' என்ற பேச்சு கெடுதல் செய்வது இந்த இடத்தில்தான். குடும்ப டாக்டரை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களை வருடக்கணக்காகத் தெரிந்தவர். எதையும் முதலில் அவரிடம்தான் சொல்வீர்கள். ஆனால் இதய அறுவை சிகிச்சையை அவர் செய்ய மாட்டார், உரிய இடத்துக்கு அனுப்புவார், போய் வந்தபின் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார். வகுப்பாசிரியரும் அப்படித்தான். மனச்சோர்வுக்குச் சிகிச்சை தருவதும், வீட்டில் நடக்கும் வன்முறையைத் தனியாக விசாரிப்பதும் அவர் வேலை இல்லை. கவனிப்பதும், கேட்பதும், பொறுப்பான ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும்தான் வேலை. இந்தக் கடைசிப் பகுதியைப் பரிந்துரைத்தல் என்பார்கள்.

இதிலிருந்து வரும் ஒரு விதியைப் புது ஆசிரியர்கள் அடிக்கடி மீறுகிறார்கள். ஒரு பிள்ளை "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க, அப்போதான் சொல்வேன்" என்று வந்தால், சத்தியம் செய்யக் கூடாது. பிள்ளைக்கு ஆபத்து என்றால் சொல்லியே ஆக வேண்டும். பல நாடுகளில் அது சட்டக் கடமையும்கூட. "உன் பாதுகாப்புக்குத் தேவைப்பட்டால், உதவக்கூடிய ஒருவரிடம் சொல்வேன். யாரிடம் சொல்கிறேன் என்று உனக்கு முதலில் சொல்வேன்" என்பதுதான் நேர்மையான பதில். இதைக் கேட்டுச் சில பிள்ளைகள் திரும்பிப் போய்விடுவார்கள். ஆனாலும் பொய்ச் சத்தியம் செய்து பிறகு மீறுவதைவிட அது மேல்.

நல்லாப் பாடம் நடத்துபவர் போதாதா?

போதாது. பள்ளிகள் மிகச் சாதாரணமாகச் செய்யும் தவறு இது. பாடம் நன்றாக நடத்துகிறாரா, அப்படியானால் ஒரு வகுப்பையும் கொடு என்பார்கள். இரண்டுக்கும் பொதுவான திறன்கள் உண்டுதான். ஜேக்கப் கூனின் என்ற உளவியலாளர் வகுப்பறைகளை வீடியோவில் பதிவுசெய்து ஆராய்ந்து 1970-ல் ஒரு முடிவைச் சொன்னார். வகுப்பை நன்றாக நடத்துபவரும் தடுமாறுபவரும், குறும்பு நடந்த பிறகு கண்டிக்கும் விதத்தில் பெரிதாக வேறுபடவில்லை. குறும்பு பரவுவதற்கு முன்பே தெரிந்துகொண்டு தடுப்பதில்தான் வேறுபட்டார்கள். நம் பேச்சில் சொன்னால், முதுகிலும் கண் இருக்க வேண்டும். இது பாட ஆசிரியருக்கும் வேண்டும், வகுப்பாசிரியருக்கும் வேண்டும்.

ஆனால் கோபமாக வந்திருக்கும் அப்பாவிடம் முதல் ஐந்து நிமிடம் எப்படிப் பேசுவது? பிள்ளையைப் பற்றி எதை எழுதிவைக்கலாம், எதை எழுதக் கூடாது? இவற்றைப் பாடம் நடத்தி நடத்திக் கற்றுக்கொள்ள முடியாது. தனியாகப் பயிற்சி வேண்டும்.

இதை அரசாணையாகவே எழுதிய நாடு சீனா. 2006-ல் தொடங்கிய தேசியப் பயிற்சித் திட்டத்தின்படி, வகுப்பாசிரியர் பொறுப்பை ஏற்பவர்கள் அதற்கு முன்போ, ஏற்ற அரை வருடத்துக்குள்ளோ குறைந்தது 30 பாடவேளை சிறப்புப் பயிற்சி பெற வேண்டும். 2009-ல் வந்த விதிகள், முதல் முறை பொறுப்பேற்பவருக்கு முன்பயிற்சி வேண்டும் என்று மறுபடியும் சொல்லின. அதே விதிகளில், மாணவரைத் தகுந்த முறையில் கண்டிக்கும் உரிமை வகுப்பாசிரியருக்கு உண்டு என்று ஒரு வரியும் இருக்கிறது. அதைக்கூட எழுதிவைக்க வேண்டிய நிலை வந்திருக்கிறது பாருங்கள். ஜப்பானில் மாணவர் வழிகாட்டலும் ஆலோசனையும் ஆசிரியர் உரிமம் பெறுவதற்கான படிப்பிலேயே அடக்கம். அரசுப் பள்ளியில் சேர்ந்த முதல் வருடத்தில் கட்டாயப் பயிற்சியும் உண்டு.

பயிற்சியில் உண்மையில் என்ன இருக்க வேண்டும்? என் அனுபவத்தில், சொற்பொழிவு கேட்பதில் பயன் குறைவு, செய்து பார்ப்பதில்தான் அதிகம். எழுதிப் பழகுவதை எடுத்துக்கொள்வோம். "பொறுப்பில்லாதவன்" என்பது கருத்து. "இந்த வாரம் மூன்று நாள் முதல் பாடவேளை தொடங்கி 20 நிமிடம் கழித்து வந்தான்" என்பது தகவல். கருத்தை எழுதினால் அது முத்திரையாக ஒட்டிக்கொள்ளும். தகவலை எழுதினால் ஏன் தாமதம் என்ற கேள்வி தானாக வரும். ஒரு வாரம் இந்த ஒரு பழக்கத்தை மட்டும் செய்து பார்க்கச் சொன்னால், தங்கள் பழைய குறிப்புகளில் எவ்வளவு முத்திரை இருக்கிறது என்று ஆசிரியர்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

அடுத்தது பேச்சு. ஒருவர் பெற்றோராகவும் ஒருவர் ஆசிரியராகவும் நடித்துப் பார்ப்பது. முதலில் எல்லோரும் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். பத்து நிமிடத்தில் சிரிப்பு நின்றுவிடும், ஏனென்றால் எதிரே இருப்பவர் குரலை உயர்த்தினால் தானும் உயர்த்துவது எவ்வளவு சுலபம் என்று தெரிந்துவிடும். "உங்க பையன் சரியில்லை" என்று தொடங்குவதற்கும் "இரண்டு வாரமா இதைக் கவனிக்கிறேன், வீட்டில் நீங்கள் ஏதாவது கவனித்தீர்களா" என்று தொடங்குவதற்கும் உள்ள தூரத்தை வாயால் சொல்லிப் பார்த்தால்தான் உணர முடியும்.

அப்புறம், உடன் இருந்து பார்ப்பது. அனுபவமுள்ள ஒரு வகுப்பாசிரியரோடு ஒரு பருவம் துணை ஆளாக இருந்தால் பல கையேடுகள் தராததைப் பெறலாம். எந்தச் சமயத்தில் அவர் ஒரு பிள்ளையைக் கூப்பிடுகிறார், எந்தச் சமயத்தில் பார்த்தும் பார்க்காதது போல விடுகிறார் என்பது எழுத்தில் வராது.

நேரம் எங்கே?

இத்தனையும் செய்ய நேரம் வேண்டும், அது பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பின் 2018 சர்வதேச ஆசிரியர் கணக்கெடுப்பில், ஜப்பானின் நடுநிலை ஆசிரியர்கள் வாரத்துக்கு 56 மணி நேரம் வேலை செய்வதாகச் சொன்னார்கள். அதில் வகுப்பில் பாடம் நடத்தியது 18 மணி நேரம்தான். கணக்கெடுப்பில் கலந்துகொண்ட நாடுகளின் சராசரி மொத்தம் 38 மணி நேரம், பாடம் நடத்துவது 20 மணி நேரம். ஜப்பானிய ஆசிரியர்களின் மீதி நேரத்தில் பெரும்பகுதி விளையாட்டு, இசை போன்ற மாணவர் மன்றப் பயிற்சிகள், பாடத் தயாரிப்பு, அலுவலக வேலை, மாணவர் கவனிப்பு என்று கரைகிறது. மொத்த வகுப்பையும் கவனித்துக்கொள்ளும் வகுப்பாசிரியரைக் கொண்டாடும் அமைப்புக்கு இப்படி ஒரு விலையும் உண்டு.

சீனாவின் 2009 விதிகள் இதற்கு ஒரு வழி சொல்கின்றன: வகுப்பாசிரியர் வேலையை, ஓர் ஆசிரியரின் வழக்கமான பாடவேளைச் சுமையில் பாதிக்குச் சமமாகக் கணக்கிட வேண்டும். எல்லாப் பள்ளியிலும் அது அப்படியே நடக்கிறதா என்பது வேறு விஷயம். ஆனால் கணக்கு சரி. இதைப் பாதி வேலை என்று ஒப்புக்கொள்ளாத இடத்தில், பயிற்சி பெற்ற ஆசிரியரும் பதிவேட்டில் டிக் போட்டுவிட்டு அடுத்த வகுப்புக்கு ஓடத்தான் செய்வார்.

வருடக் கடைசியில் ஒரு தாள்

பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி: ஒரே வகுப்பாசிரியர் மூன்று வருடமும் தொடர்ந்தால் நல்லதா? சில பள்ளிகளில் அப்படி உண்டு. 1919-ல் ஜெர்மனியில் தொடங்கிய வால்டோர்ஃப் பள்ளி மரபில் ஒரே வகுப்பாசிரியர் எட்டு வருடம் தொடர்வதே வழக்கம். ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக அறிமுகமாக வேண்டியதில்லை என்பது லாபம். ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் ஒத்துப்போகாவிட்டால் மூன்று வருடமும் தண்டனை என்பது நஷ்டம். என் கருத்து, தொடர்ச்சி வேண்டியது தகவலில், ஆள் மாறலாம்.

அதற்குத்தான் ஒப்படைப்புக் குறிப்பு: வருடம் முடியும்போது அடுத்த வகுப்பாசிரியருக்கு எழுதிக் கொடுக்கும் ஒரு பக்கம். மதிப்பெண் அதில் வேண்டாம், அது வேறு இடத்தில் இருக்கிறது. முதல் வருடம் எனக்குக் கிடைத்த குறிப்பில் ஒரு பையனின் பெயருக்கு எதிரே "தொல்லை" என்று ஒரே சொல் இருந்தது. ஆறு மாதம் அவனை அந்தச் சொல் வழியாகவே பார்த்தேன். அடுத்த வருடம் நான் எழுதிக் கொடுத்தது இப்படி: "கடைசி வரிசையில் உட்கார்ந்தால் கரும்பலகை தெரியவில்லை, கேட்கவும் வெட்கம். முன்னால் உட்காரவைத்ததும் பேச்சு குறைந்தது. கண்ணாடி வாங்கிவிட்டார்களா என்று ஜூனில் விசாரிக்கவும்."